“ஏண்ணே, இன்னைக்கும் வேலைக்குப் போகலையா?” வேலையை விட்டவர் தட்ட வேண்டிய கதவு எது?

பழங்காநத்தம்:-

காலை எட்டரை மணி. பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் டவுன் பஸ் வந்து நிற்கிறது. குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் முண்டியடித்து ஏறுகிறார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. சட்டைப் பையில் பேனா. கண்டக்டர் விசில் ஊதுகிறார். பஸ் போய்விட்டது.

ஒருவர் மட்டும் ஏறவில்லை. டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து இருக்கிறார்.

“ஏண்ணே, இன்னைக்கும் வேலைக்குப் போகலையா?” - டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்கிறார்.

“லீவு சொல்லியிருக்கேன் தம்பி.”

நாலு நாளாக இதே கேள்வி. இதே பதில். அஞ்சாவது நாள் அவர் வேறு டீக்கடைக்குப் போய் விடுவார்!

யார் இவர்? பெயர் வேண்டாம். ஒருவர் என்றால்தானே பெயர் சொல்லலாம்? தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். ஒரு பேச்சுக்கு, வயது 38 என்று வைத்துக் கொள்வோம். மோட்டார் உதிரி பாகம் விற்கும் கடையில் 14 வருஷம் கணக்கு எழுதியவர். முதலாளி விரட்டவில்லை. கல்லாவில் கை வைத்தார் என்ற கெட்ட பெயரும் இல்லை. அவராகவே “வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்து விட்டு வந்து விட்டார்.

காரணம் கேட்டால், “மனசு ஒட்டல” என்கிறார்.

மனைவிக்கு இது புரியவில்லை. “பதினாலு வருஷமா ஒட்டுன மனசு இப்ப மட்டும் ஏங்க ஒட்ட மாட்டேங்குது? சின்னவளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்ல?” என்று அவர் கேட்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது.

வேலையை விட்டது குற்றமா? விட்டவர் அடுத்து எங்கே போக வேண்டும்? யாரிடம் கேட்க வேண்டும்? இது பற்றிய விவரம் வருமாறு:-

டி.வி.எஸ். நகர் பக்கம்தான்!

வேலையை விட்டவர் உருப்பட மாட்டார் என்று சொல்கிறவர்கள், பழங்காநத்தத்தில் இருந்து நாலு எட்டு நடந்தால் போதும். டி.வி.எஸ். நகர் வந்து விடும். அந்த மூன்று எழுத்துக்கு உரியவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். 1877-ம் ஆண்டு நெல்லைச் சீமையில் திருக்குறுங்குடியில் பிறந்தவர்.

அவர் முதலில் பார்த்தது வக்கீல் தொழில். பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். அப்புறம் பாங்கி உத்தியோகம். அந்தக் காலத்தில் இவை எல்லாமே கவுரவமான உத்தியோகங்கள். பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அதை விட்டுவிட்டு அவர் பஸ் ஓட்டும் தொழிலில் இறங்கினார். டி.வி.எஸ். நிறுவனம் 1911-ம் ஆண்டைத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்கிறது.

மூன்று வேலையை மாற்றியவர் பெயரில்தான் இன்று ஒரு நகரே இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் சும்மா விட்டுவிட்டு பெஞ்சில் உட்காரவில்லை. சட்டமும் தெரியும். போக்குவரத்தும் தெரியும். பணக் கணக்கும் தெரியும். பழைய வேலைகளில் கற்றது எதுவும் வீண் போகவில்லை.

விரல் மடங்கிய டாக்டர்

இன்னொருவர் கதையும் மதுரைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் கோ.வெங்கடசாமி.

அவர் முதலில் கண் டாக்டர் அல்ல! பிரசவ மருத்துவம் படிக்கத்தான் ஆசைப்பட்டார். 1944-ல் டாக்டர் பட்டம் பெற்று ராணுவத்தில் சேர்ந்தார். கடுமையான முடக்குவாதம் தாக்கியது. 1948-ல் ராணுவ வேலை போயிற்று. மாதக்கணக்கில் படுக்கை. விரல்கள் கோணிக்கொண்டன. பிரசவம் பார்க்கும் கனவு அத்தோடு முடிந்தது.

இது அவராக எடுத்த ஓய்வு அல்ல. நோய் கொடுத்த ஓய்வு. அந்த ஓய்வுக்குப் பிறகு அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரலோடு கத்தி பிடிக்கப் பழகினார். அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார் என்பது வரலாறு.

1976-ல் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். வயது 58. பேரனைக் கொஞ்சிக்கொண்டு திண்ணையில் உட்காரும் வயது. அவர் 11 படுக்கைகளோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2006-ல் அவர் காலமானபோது அது உலகமே திரும்பிப் பார்க்கும் ஆஸ்பத்திரி ஆகி இருந்தது.

“அவங்கல்லாம் பெரிய மனுசங்க. நாம அப்படியா?” என்று டீக்கடை பெஞ்சில் இருப்பவர் கேட்பார். சரிதான். அவர் டி.வி.எஸ். ஆக வேண்டாம். அடுத்த மாசம் அரிசி வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 38 வயதில் எல்லாம் முடிந்து விட்டது என்று அவர் நினைப்பதுதான் தப்பு.

ஆள் பிடிக்கும் ஆசாமிகள்

வேலை இல்லாதவர் பெஞ்சில் உட்கார்ந்தால் முதலில் யார் வந்து பக்கத்தில் உட்காருவார் தெரியுமா? வழிகாட்டி அல்ல. தரகர்!

“சார், உங்களைப் பாத்தாப் படிச்சவரு மாதிரி இருக்கீக. சிங்கப்பூர்ல கம்பெனி. மாசம் ஒரு லட்சம். ஒன்றரை லட்சம் கட்டுனா விசா நம்ம பொறுப்பு. ரெண்டு சீட்டுதேன் பாக்கி.”

மனசு உடைந்து இருப்பவருக்கு இந்தப் பேச்சு தேன் மாதிரி இனிக்கும். மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். ஆசாமி கம்பி நீட்டி விடுவான்.

பணத்தோடு போனால் கூடப் பரவாயில்லை. 2022-ம் ஆண்டு நடந்ததை மறந்து விடக் கூடாது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போனார்கள். அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தினார்கள். ஆன்லைன் மோசடி செய்யும்படி அடித்து உதைத்தார்கள். சுமார் 300 இந்தியர்கள், அவர்களில் சுமார் 50 தமிழர்கள் அங்கே சிக்கி இருப்பதாக அந்த ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு முதல்-அமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 5-ந் தேதி 13 தமிழர்கள் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள்.

எனவே நினைவில் வைக்க வேண்டியது இது:-

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக் கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ரூ.30 ஆயிரமும் அதற்கான வரியும்தான். ஒன்றரை லட்சம் கேட்டால் அங்கேயே எழுந்து விட வேண்டும்!

தமிழக அரசே 1978-ல் ஏற்படுத்திய அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது. வெளிநாட்டு ஆசை உள்ளவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம்.

ஏமாந்து விட்டீர்களா? வெட்கப்பட்டு வீட்டில் முடங்காதீர்கள். போன் மூலமோ, ஆன்லைன் மூலமோ பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. நேரில் கொடுத்து ஏமாந்தவர்கள் போலீசில் புகார் கொடுக்கலாம். முன்பு 420 என்று ஊரே சொன்ன மோசடிப் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு. நம்பர்தான் மாறியது. ஏமாற்றிச் சொத்தைப் பறித்தால் 7 ஆண்டு வரை ஜெயில் என்பது மாறவில்லை.

கே.புதூரில் ஒரு கதவு

அப்படியானால் யாரைத்தான் கேட்பது?

பெரியார் நிலையம், சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம் தாண்டினால் கே.புதூர். அங்கே மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. “அட, அந்த எம்ப்ளாய்மெண்ட் ஆபீசா? கார்டு பதிஞ்சு இருபது வருஷம் ஆச்சு, ஒரு லெட்டர் வரல” என்று அலுத்துக் கொள்ளாத வீடு மதுரையில் கிடையாது.

நம்மவரும் பிளஸ்-2 முடித்தவுடன் பதிந்தவர்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்து விட்டார். பதிவு காலாவதி ஆகிவிட்டது. புதிதாகப் பதிந்தால் சீனியாரிட்டி முதலில் இருந்துதான்.

ஆனால் அந்த அலுவலகத்தின் இன்றைய பெயர்ப் பலகையை எத்தனை பேர் முழுதாகப் படித்திருப்பார்கள்? ‘மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்பது அதன் பெயர். கார்டு பதிவது பாதி வேலைதான். “உனக்கு எந்த வேலை சரிப்படும்?” என்று பார்த்துச் சொல்வது மீதிப் பாதி.

இந்த அலுவலகங்கள் தொடங்கிய கதையே அதுதான். 1945-ம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் முடியும் நேரம். லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்ப இருந்தார்கள். துப்பாக்கி பிடித்த கைக்கு ஊரில் என்ன வேலை? அவர்களுக்கு வழி செய்யவே அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் வேலைவாய்ப்பு அலுவலக அமைப்பு ஏற்பட்டது. 1948-ல் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. 1956 நவம்பரில் மாநில அரசுகளின் கைக்கு வந்தது.

ஆக, ஒரு வேலை முடிந்து வந்தவர் அடுத்ததைத் தேடத்தான் இந்தக் கதவே வைக்கப்பட்டது. புதிதாகப் படிப்பு முடித்தவருக்கு மட்டும் அல்ல!

அங்கே கட்டணம் இல்லை. அரசுத் தேர்வுக்குப் படிக்க ‘தன்னார்வ பயிலும் வட்டம்’ என்று இலவச வகுப்பும் உண்டு. தனியார் கம்பெனிகளை வரவழைத்து வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகிறார்கள். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளம், 2020-ல் தமிழக அரசு தொடங்கிய தனியார் துறை வேலை இணையதளம் இரண்டிலும் செல்போனிலேயே பதியலாம்.

உதவித்தொகையும் உண்டு. பதிந்து 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.72 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் ரூ.300, பிளஸ்-2 முடித்தவருக்கு ரூ.400, பட்டதாரிக்கு ரூ.600. யானைப் பசிக்குச் சோளப்பொரி! இதை நம்பி வேலையை விடக் கூடாது. அங்கே போவது பணத்துக்காக அல்ல, புத்திமதிக்காக.

கலியாணம், பிரசவம் என்று வேலையை விட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு திரும்பி வர நினைக்கும் பெண்களுக்கும் இதே கதவுதான். “இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க?” என்று கேட்டால் தலை குனிய வேண்டியதில்லை. “பிள்ளை வளர்த்தேன்” என்பது நல்ல பதில்.

அமெரிக்காவில் ஒரு வக்கீல்

‘வேலைக்கு வழிகாட்டுவது’ என்பதே ஒரு தொழில்தான். அதைத் தொடங்கி வைத்தவராக உலகம் ஒப்புக்கொள்ளும் ஆள், அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிராங்க் பார்சன்ஸ். 1908-ம் ஆண்டு அங்கே ஏழை வாலிபர்களுக்காக ஒரு வழிகாட்டும் நிலையம் திறந்தார்.

அவர் படித்தது என்ஜினீயரிங். ரெயில்வேயில் வேலை. அது போயிற்று. பிறகு பள்ளிக்கூட வாத்தியார். பிறகு வக்கீல். பிறகு பேராசிரியர். இத்தனை வேலை மாறியவர்தான் மற்றவர்களுக்கு வழி சொல்ல உட்கார்ந்தார்! அந்த ஆண்டே அவர் இறந்து விட்டார். அவர் எழுதிய புத்தகம் மறு ஆண்டு, 1909-ல் வெளிவந்தது.

அவர் சொன்னது மூன்றே விஷயம். ஒன்று: உன்னை நீ தெரிந்து கொள். எது வரும், எது வராது, எதில் ஆசை? இரண்டு: வேலைகளைத் தெரிந்து கொள். என்ன சம்பளம், என்ன நேரம், என்ன கஷ்டம்? மூன்று: இரண்டையும் பக்கத்தில் வைத்து நிதானமாக யோசி.

பெண் பார்க்கும்போது ஜாதகம் பொருத்தம் பார்க்கிறோம். நாற்பது வருஷம் கூட வரும் வேலைக்குப் பொருத்தம் பார்த்தோமா?

நம்மவரிடம் ஒரு வழிகாட்டி இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக் கொள்வோம்.

“கணக்கு எழுதுறது பிடிக்கலையா?”

“அப்படி இல்லைங்க சார். கணக்கு நல்லாத்தான் வரும்.”

“அப்ப எது பிடிக்கல?”

யோசிக்கிறார். “உள்ரூம்ல ஒத்தையா உட்கார்றது. காலையில ஒன்பதுக்கு உட்கார்ந்தா ராத்திரி ஒன்பது. யாரோடவும் பேச்சு இல்ல.”

“எப்ப சந்தோஷமா இருந்தீங்க?”

“கவுண்டர்ல ஆள் லீவுன்னா என்னைய நிக்கச் சொல்வாங்க. டிரைவருங்க வருவாங்க. வண்டியில இன்ன சத்தம் கேக்குதுன்னு சொன்னா, இன்ன சாமான்தேன் போயிருக்கும்னு எடுத்துக் குடுப்பேன். அது நல்லா இருக்கும் சார்.”

சங்கதி வெளியே வந்து விட்டது! அவருக்கு மோட்டார் தொழில் கசக்கவில்லை. உள்ரூம்தான் கசந்தது. ஒர்க்‌ஷாப்களில் வண்டிக்காரரிடம் பேசி, பழுதைக் கேட்டு எழுதி, பில் சொல்லும் ஆள் தேவைப்படுகிறார். மனுஷனோடும் பேச வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும், சாமானும் தெரிய வேண்டும். 14 வருஷம் அப்படியே கை கொடுக்கும். தொழிலை மாற்ற வேண்டியதில்லை. நாற்காலியை மாற்றினால் போதும்.

இதை முன்பே கேட்டிருந்தால் வேலையை விடாமலே முதலாளியிடம் கவுண்டரைக் கேட்டு வாங்கி இருக்கலாமோ? இருக்கலாம். கேட்கத்தான் ஆள் இல்லை.

கையில் எவ்வளவு?

வழி தெரிவதற்குள் வயிறு காயக் கூடாது. வேலையை விடுகிறவர் முதலில் ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போட வேண்டும். மாதச் செலவு எவ்வளவு? கையில் எவ்வளவு? எத்தனை மாசம் தாங்கும்?

வாங்க வேண்டியதை விட்டு விட்டு வரக் கூடாது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில், ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர் தானாக விலகினாலும் கிராஜுவிட்டி உண்டு. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். நம்மவரின் கடைசிச் சம்பளம் ரூ.15 ஆயிரம், 14 வருஷம் என்றால் ஏறத்தாழ ரூ.1 லட்சத்து 21 ஆயிரம் வருகிறது. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பலர் கேட்பதே இல்லை!

பி.எப். பிடித்த நிறுவனமாக இருந்தால் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். புது வேலையில் அதே பி.எப். எண்ணைக் கொடுத்தால் கணக்கு தொடரும். பென்ஷன் கணக்கில் பத்து வருஷம் சேர்ந்தவருக்கு 58 வயதில் பென்ஷன் உரிமை உண்டு.

தூக்கம் வரவில்லையா?

இன்னும் ஒரு விஷயம். எந்த வேலை என்றாலும் மனசு ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை என்றால் அது வேலையின் கோளாறு மட்டும் அல்ல. மனசு களைத்து விட்டது என்று அர்த்தம். அதற்கும் வைத்தியம் உண்டு. 2022-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் இருக்கிறது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போலத்தான் இதுவும். வெட்கம் எதற்கு?

பஸ் ஸ்டாண்டைப் பாருங்கள்

பழங்காநத்தம்காரர்களுக்கு இன்னொன்று சொல்லத் தேவை இல்லை. ஒரு காலத்தில் வெளியூர் பஸ்கள் வந்து நின்று, இரவெல்லாம் விளக்கு எரிந்த இடம் இது. மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வந்தது. கூட்டம் அங்கே போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கே வேலை போனது! அதற்காகப் பழங்காநத்தம் படுத்து விட்டதா? கடைகள் இருக்கின்றன. கூட்டம் இருக்கிறது. வேறு பிழைப்பு வந்து விட்டது.

நடுவழியில் பஸ்சை விட்டு இறங்குவது குற்றம் அல்ல. அடுத்த பஸ் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறுவதுதான் ஆபத்து. பணம் கேட்கிறவனிடம் வழி கேட்காதீர்கள். கேள்வி கேட்கிறவரிடம் வழி கேளுங்கள்.

நாளைக் காலை எட்டரை மணிக்கு டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்து இருந்தால், “ஏண்ணே, வேலைக்குப் போகலையா?” என்று கேட்க வேண்டாம்.

“வாங்கண்ணே, கே.புதூர் வரைக்கும் போயிட்டு வருவோம்” என்று சொல்லிப் பாருங்கள்!